கல்லில் பேர் வாங்கின நாய்

எங்க சீயமங்கலம் குகைக்கோயிலை ஏழாம் நூற்றாண்டில் குடைவித்தவன் மகேந்திரவர்ம பல்லவன். கோயிலைப் பார்க்க டவுன்ல இருந்து வர்றவங்ககிட்ட, அதே ராஜா காலத்து இன்னொரு கல்லைப் பத்தியும் சொல்லுவேன். அது செங்கம் பக்கம் எடுத்தனூர்ல கிடைச்ச நடுகல். மகேந்திரவர்மனோட 34-ஆம் ஆட்சியாண்டுல வெட்டினது.

கருந்தேவக்கத்தி என்கிற வீரன் தன் எருமைகளுக்காகச் சண்டை போட்டுச் செத்தான். கூட இருந்த நாய் ரெண்டு கள்ளர்களைக் கடிச்சுக் காவல் நின்னுது. அந்த நாயோட உருவத்தையும் செதுக்கி, 'கோவிவன்'னு அதன் பேரையும் கல்லில் வெட்டி வெச்சாங்க. 1,400 வருஷம் ஆகப்போகுது. அந்த நாயோட பேர் இன்னும் அழியல.

கோவிவனை எப்படி வளர்த்தாங்கன்னு கல்லில் எழுதல. ஆனா மாடும் நாயும் வெச்சிருக்கிற எனக்கு ஒண்ணு தோணுது. தடிக்குப் பயந்து காவல் காக்கிற நாய், தடி பிடிச்ச கை கீழே விழுந்ததும் ஓடத்தானே பார்க்கும்?

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க வீட்டு நாய் கன்னுக்குட்டியைத் துரத்தும். நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். வாலை ஆட்டிக்கிட்டு வரும். வந்ததும் ஒரு அடி. நாலஞ்சு நாள்ல, கூப்பிட்டா எட்டி நின்னு பார்க்க ஆரம்பிச்சுது. துரத்துனதுக்கு அடின்னு நான் நினைச்சேன். கூப்பிட்ட குரலுக்கு வந்ததுக்கு அடின்னு அது நினைச்சுது. நாயோட கணக்குதான் சரி.

படிச்சவங்களும் அடியில இருந்துதான் ஆரம்பிச்சாங்க. ஜெர்மனியில போலீஸ் நாய்களைப் பழக்கின கொன்ராட் மோஸ்ட் 1910-ல எழுதின புத்தகத்துல பிரம்பும் முள் பட்டையும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1951-ல ஒரு பத்திரிகைக் கட்டுரையில வேற வழி சொன்னார்: நாய் சரியா செய்யற அந்த நொடியிலேயே ஒரு சின்னச் சத்தம் கொடு, உடனே தீனி கொடு. கொஞ்ச நாள்ல அந்தச் சத்தமே 'சபாஷ்' ஆயிடும். ஒரு நிமிஷம் தள்ளிக் கொடுத்தா, எதுக்குக் கிடைச்சுதுன்னு அதுக்குப் புரியாது.

நானும் மாத்திக்கிட்டேன். டீக்கடைப் பொறையைத் துண்டு துண்டா உடைச்சு மடியில கட்டிக்குவேன். கன்னுக்குட்டியை விட்டுட்டுத் திரும்பிப் பார்த்தாலே நாக்கைச் சொடுக்கி ஒரு துண்டு. கிட்ட வந்தா இன்னொண்ணு. மொதல்ல கயிறு கட்டித்தான் பழக்கினேன், இல்லேன்னா துரத்துறதுலயே ருசி கண்டுடும். கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆச்சு. அப்புறம் எப்பவாவது ஒரு துண்டு போதும், மத்த நேரம் தலையில ஒரு தடவல்.

ஃபிளாட்டுல செருப்பைக் கடிச்ச நாயை, சாயங்காலம் வந்து பேப்பரைச் சுருட்டி அடிக்கிறவங்களுக்கும் இதேதான். செருப்பு அதுக்கு எப்பவோ மறந்து போச்சு. கதவைத் திறந்து நீங்க வந்ததுதான் நினைவுல நிக்கும்.

இப்ப எங்க நாய் கொல்லையோட அந்தக் கோடியில இருந்தாலும், ஒரு குரலுக்கு ஓடி வருது. கோவிவனும் அப்படித்தான் வந்திருக்கணும்.