ஒரு லிட்டருக்கு மூன்றரை கிராம் உப்பு

காலரா கண்டவர் ஓயாமல் கேட்பது தண்ணீரைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர் அதைத்தான் கொடுக்க மறுத்தார்கள். குடித்தால் வாந்தியும் பேதியும் கூடும் என்று நம்பினார்கள். போதாக்குறைக்கு நோயாளியின் இரத்தத்தை வேறு வடித்தார்கள். நம் உடம்பில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். காலரா முற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட வெளியேறிவிடும். கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி விழுந்து, காலையில் நடமாடியவர் இரவுக்குள் இறந்துபோவார்.

1831 கடைசியில் ஓஷாக்னஸி என்ற 22 வயது அயர்லாந்து மருத்துவர், இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் காலரா நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். தண்ணீரும் உப்பும் குறைந்திருந்தன. மறு ஆண்டே ஸ்காட்லாந்தில் தாமஸ் லட்டா உப்புநீரை நாளத்தில் ஏற்றினார். சாகக் கிடந்த சிலர் தெளிந்து பேசினார்கள். இவ்வளவு தெரிந்தும் அந்த வழியைப் பல பத்தாண்டுகள் கிடப்பில் போட்டதை மன்னிக்க மனம் வரவில்லை. 

நாளத்தில் ஏற்ற ஊசி வேண்டும், கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும். ஏழை ஊர்களில் இவை எதுவும் இல்லை. வாய்வழியே கொடுக்கலாம் என்றால், காலரா பிடித்த குடல் வெறும் தண்ணீரையும் உப்பையும் சரியாக உள்ளே இழுப்பதில்லை. குளுக்கோஸ் சேர்ந்தால் கதை மாறுகிறது: குடலின் சுவரைக் கடக்கும்போது அது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1960-இல் ராபர்ட் கிரேன் விளக்கிய இந்த நுட்பம் 1968-இல் டாக்காவில் பலித்தது. டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தே நாளத்தில் ஏற்றும் நீரின் அளவைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்கள்.

ஆனாலும் படிக்காதவர்கள் கையில் இதை ஒப்படைக்க மருத்துவ உலகம் தயங்கியது. அந்தத் தயக்கம் உடைந்தது 1971-இல், மேற்கு வங்க எல்லையில் உள்ள பொங்காவில்.

கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய பங்களாதேஷில்) போர். அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டினார்கள், காலராவும் பரவியது. பொங்காவ் மருத்துவமனையில் தரை முழுக்க நோயாளிகள். வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் மருத்துவம் பார்க்க வேண்டும். கொல்கத்தாவிலிருந்து வந்த டாக்டர் திலீப் மகாலனபிஸிடம் இருந்த, நாளத்தில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. குடிக்கும் கரைசலையே கொடுக்க அவர் துணிந்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கொல்கத்தாவில் எடைபோட்டு, பாலிதீன் பையில் இட்டு, இஸ்திரிப்பெட்டியால் வாயை ஒட்டினார்கள். முகாமில் டிரம் தண்ணீரில் கலக்கினார்கள். தாயும் அண்ணனும் அக்காவும் குவளையில் பிடித்து நோயாளிக்குப் புகட்டினார்கள். சலைன் மட்டுமே நம்பிய நாட்களில் 100-க்கு 30 பேர் வரை இறந்தார்கள். அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே அது 3.6 ஆக இறங்கியது.

குளுக்கோஸ் சோடியத்தையும் தண்ணீரையும் கூட்டிச்செல்லும் என்ற கண்டுபிடிப்பை, 1978-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகவே இருக்கலாம் என்று எழுதியது.

1980-களில் பங்களாதேஷின் பிராக் நிறுவனம் பாக்கெட்டையும் விட்டுவிட்டது. அதன் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரல் பிடி உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் அரை சேர் தண்ணீரில் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறு ஆட்கள் சில வீடுகளுக்குப் போய் விசாரிப்பார்கள். அந்தத் தாய்மாருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் ஊழியருக்குக் கூலி.