ரயரும் தடையும்: உருண்டு வந்த ஒரு சிறு வரலாறு



சித்திரைப் புத்தாண்டு வருகிற நாட்களில்தான் ஜேர்மனியில் இன்னொரு சடங்கும் நடக்கிறது. பனிக்கால ரயரைக் கழற்றிக் கோடைகால ரயரைப் பூட்டுகிற சடங்கு. "ஓ முதல் ஓ வரை" என்று இந்த நாட்டவர்கள் சொல்லுவார்கள். ஒக்ரோபர் தொடங்கி ஓஸ்ரன் பண்டிகை வரைக்கும் பனிக்கால ரயர் என்பது அதன் பொருள். கராஜுக்குப் போனால் கொன்ரினென்ரலா, மிஷலினா, கொரியாவா, சீனாவா, எது வேணும் என்று கேட்பார்கள். காசுக்கு ஏற்றமாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு வந்து விடுகிறோம்.

எது வேணும் என்ற இந்தக் கேள்வி ஒரு பெரிய வசதி. எங்கட ஊரில் பல வருடங்கள் அந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. ஜேர்மன்காரருக்கும் ஒரு காலத்தில் இருக்கவில்லை. கடல் மறிபட்டால், இறக்குமதி நின்றால், சனம் எப்படிச் சக்கரத்தை உருட்டினது என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

றப்பர் விளைந்த நாடு, ரயர் இல்லாத நாடு

இலங்கைக்கு றப்பர் மரம் வந்தது 1876 இல். பிறேசிலில் எடுத்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, அந்தக் கன்றுகள் கம்பஹாவுக்குப் பக்கத்திலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கமெல்லாம் றப்பர் தோட்டங்கள் பரவின. விடியற்காலையில் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்களில் பெருந்தொகையானோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் மலையகச் சகோதரர்கள்.

ஆனால் அந்தப் பால் தாளாகக் காய்ந்து கப்பலேறிப் போனது. ரயராக மாறி, டன்லொப் என்ற பெயரோடு இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது. பாலைக் கறந்து குடுத்துப்போட்டுத் தயிரை விலைக்கு வாங்கின கதைதான்.

1942 இல் ஜப்பான் மலாயாவையும் ஜாவாவையும் பிடித்தபோது, நேசநாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைக்கிற முக்கிய இடமாக இலங்கை மிஞ்சியது. மரத்தின் ஆயுளைப் பாராமல் கண்டபடி சீவிப் பால் எடுத்தார்கள். அமெரிக்காவில் அந்த யுத்தகாலத்தில் முதன்முதலாகப் பங்கீட்டுக்கு வந்த பொருளே ரயர்தான். சீனிக்கும் பெற்றோலுக்கும் முன்னமே, 1942 ஜனவரியில், அதற்குக் கட்டுப்பாடு வந்தது.

அடுத்தது கொரியா யுத்தம். சீனாவுக்கு றப்பர் விற்கக்கூடாது என்று தடை. இலங்கைக்கோ அரிசிப் பஞ்சம். 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு றப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. ஐந்து வருடத்துக்கு, வருடம் 50,000 தொன் றப்பர் அங்கே போக, 270,000 தொன் அரிசி இங்கே வரும் என்பது ஏற்பாடு. அமெரிக்காவுக்குக் கோபம், சில வருடம் உதவி கிடைக்கவில்லை. ஆனாலும் சனத்தின் கோப்பையில் சோறு விழுந்தது.

மொறிஸ் மைனர் ஏன் சாகவில்லை?

1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்தது. கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்று போனது. உதிரிப்பாகத்துக்கும் கட்டுப்பாடு. சோவியத் உதவியோடு களனியில் அரசாங்க ரயர்த் தொழிற்சாலை எழுப்பப்பட்டு 1967 இல் வேலை தொடங்கியது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வராததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் நாலு காசு புழங்கியது என்பது மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் காசு இருந்தாலும் புதுக்கார் வாங்க வழியில்லை.

அதனால்தான் 1950களில் வந்த மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் கேம்பிரிட்ஜும் எங்கட ஊரில் பேரப்பிள்ளைகளின் காலம் வரைக்கும் ஓடின. உடைந்ததைத் திருத்து, இல்லாததைக் கடைந்து எடு என்று ஒரு மெக்கானிக் பரம்பரையே உருவானது. 1977 க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் வந்தன. அப்போதும் பழசுகளைச் சனம் எறியவில்லை. சந்திகளில் வாடகைக் காராக நின்றன. கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவைதான் போயின.

இந்த இடத்தில் ரயர் அளவைப் பற்றி ஒரு சொல். பழைய ரயரில் 5.20-14 என்று இருந்தால், முதல் இலக்கம் ரயரின் அகலம் அங்குலத்தில். பின் இலக்கம் அது பூட்டும் றிம்மின் விட்டம். மொறிஸ் மைனருக்கு 14 அங்குலம். இங்கே ஓடின பழைய போக்ஸ்வாகன் வண்டுக்காருக்கு 15 அங்குலம். பின்னால் வந்த ஜப்பான் சின்னக் கார்களுக்கு 12 அல்லது 13 அங்குலம். பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, றிம் அளவு மாறினால் ஒன்றும் செய்ய ஏலாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

ஜேர்மனியும் ரயரில்லாமல் இருந்தது

ஹனோவரில் கொன்ரினென்ரல் கொம்பனி தொடங்கியது 1871 இல். முதலாம் உலக யுத்தம் வந்தபோது பிரித்தானியக் கடற்படை கடலை மறித்தது. றப்பர் ஒரு துண்டும் வரவில்லை. 1916 இல் அரசாங்கம் சனத்தின் சைக்கிள் ரயர்களையும் வாங்கிக்கொண்டது. சனம் இரும்பு வளையத்தில் சுருள் வில்லுகளை வைத்தும், மரத்தாலும் சக்கரம் செய்து ஓடியது. கற்கள் பதித்த தெருவில் அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே 1916 ஆம் ஆண்டு 'டொய்ச்லான்ட்' என்ற வணிக நீர்மூழ்கிக் கப்பல் மறிப்புக்கு அடியால் சுழியோடி அமெரிக்காவின் பால்ரிமோர் துறைமுகத்துக்குப் போனது. திரும்பும்போது அது கொண்டுவந்த சாமான்களில் ஏறக்குறைய 350 தொன் றப்பர் இருந்தது. கிளாலிக் கடலால் இராத்திரியில் சாமான் ஏற்றி வந்த எங்கட சனத்துக்கு இந்தக் கதை நன்றாக விளங்கும்.

ஜேர்மன் இரசாயனக்காரர் செயற்கை றப்பரும் செய்தார்கள். எல்பர்பெல்டில் பிறிட்ஸ் ஹொவ்மன் என்பவர் 1909 இலேயே அதற்குக் காப்புரிமை எடுத்திருந்தார். ஆனால் யுத்தகாலத்தில் வந்த அந்த மெதைல் றப்பர் ரயருக்குச் சரிவரவில்லை. கடினமான பெட்டிகள் செய்யத்தான் உதவியது.

ஹிட்லர் காலத்தில் 1936 இன் நாலாண்டுத் திட்டம், வெளிநாட்டில் தங்கியிராமல் எல்லாம் இங்கேயே என்றது. ஷ்கோபாவ் என்ற இடத்தில் 'பூனா' என்ற செயற்கை றப்பர் தயாரானது. இந்தத் தன்னிறைவுக் கதைக்கு ஒரு கொடிய முடிவு இருக்கிறது. அவுஷ்விற்சுக்குப் பக்கத்தில் மொனோவிற்ஸ் என்ற இடத்தில் இன்னொரு பூனாத் தொழிற்சாலை கட்டுவதற்காகக் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே செத்தார்கள். கடைசியில் அங்கிருந்து ஒரு துண்டு றப்பர்கூட வெளியே வரவில்லை.

யுத்தத்துக்குப் பிறகு மேற்கில் எல்லாப் பெயரும் கிடைத்தன. கிழக்கில் 'நூமன்ற்' என்ற அரசாங்க ரயர்தான் பிரதானம். பூர்ஸ்ரென்வால்டவில் அதன் பெரிய தொழிற்சாலை இருந்தது. டிராபன்ற் காருக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்த சனம், தேய்ந்த ரயரில் புதுக் கட்டை ஒட்டியும் ஓடியது. எங்களில் பலர் 1985 நடுப்பகுதி வரை வந்த பாதை அதுதானே! கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிறீட்றிக்ஸ்ராசவில் ரயிலேறி மேற்குக்கு வந்தவர்கள், ஊர் ஒஸ்ரின் போலவே அந்த டிராபன்றும் ஒட்டுப்போட்டு ஓடினதைக் கண்டிருப்பார்கள்.

தொண்ணூறுக்குப் பிறகு ஊரில்

1990 ஆனியில் யுத்தம் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம், வாகன உதிரிப்பாகம் என்று தடைப்பட்டியல் நீண்டது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. 1991 இல் பூநகரிப் பக்கமும் மறிபட, கிளாலிக் கடல் வழிதான் மிச்சம். அந்தக் கடலில் எத்தனை உயிர் போனது என்பது வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பெற்றோல் இல்லாத ஊரில் கார் ஓடியது. எப்படி? கொஞ்சம் பெற்றோலைக் காபுறேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டார்கள். புகையும் மணமும் தாங்கேலாது, ஆனால் ஓடியது. இதற்குத் தோதானவை அந்தப் பழைய ஆங்கிலக் கார்கள்தான். அவற்றின் எஞ்சினில் அமுக்கம் குறைவு. மண்ணெண்ணெயும் அதில் எரியும். அமுக்கம் கூடிய புதுக் கார்கள் அதற்கு முரண்டு பிடிக்கும்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். அறுபதுகளின் இறக்குமதித் தடையால் காப்பாற்றப்பட்ட கார்கள், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் எங்களைக் காப்பாற்றின. பிரசவத்துக்குப் போன பெண்ணும், குண்டடிபட்ட ஆளும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போனது அந்த மொறிஸ் மைனரிலும் கேம்பிரிட்ஜிலும்தான்.

ஆனால் எஞ்சினை மண்ணெண்ணெயால் ஏமாற்றலாம். ரயரை எதைக்கொண்டு ஏமாற்றுவது? 13 அங்குல ஜப்பான் ரயர் 14 அங்குல றிம்முக்கு ஏறாது. தேய்ந்த ரயருக்குப் புதுக் கட்டை வைப்பதென்றால், பழைய தோலைச் சுரண்டி, புது றப்பரை அச்சுக்குள் வைத்து, கந்தகம் சேர்ந்த றப்பர் இறுகும் வரை மணிக்கணக்கில் சூடாக்க வேணும். மின்சாரமில்லாத ஊரில் அது லேசான வேலையில்லை. ஆகவே ஓடாமல் நின்ற காரின் ரயர் ஓடுகிற காருக்குப் போனது. வெடித்த இடத்துக்கு உள்ளே இன்னொரு பழைய ரயர்த் துண்டை வைத்தார்கள். ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. சந்திக்குச் சந்தி இருந்த ஒட்டுக்கடைக்காரர், இரும்புக் கவ்வியில் றப்பர்த் துண்டை இறுக்கி, சின்ன நெருப்பு மூட்டி வல்கனைஸ் பண்ணிக் குடுத்தார்.

சைக்கிளின் கதை இன்னும் பெரிது. விறகு, நெல்மூட்டை, நோயாளி, பள்ளிப்பிள்ளை எல்லாம் சைக்கிளில்தான். டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் அதில்தான். கிழிந்த ரயரை நூலால் தைத்து ஓடினார்கள். ஓடவே முடியாமல் போனதை வெட்டிச் செருப்பாக்கினார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, மழைக்குள், சேற்றுக்குள் சனம் தள்ளிக்கொண்டு போனது அந்தத் தைத்த ரயர்ச் சைக்கிள்களைத்தான்.

2002 தொடக்கத்தில் தடை தளர்ந்து, ஏ-9 பாதை திறந்தது. 2006 ஆவணியில் அது திரும்பவும் மூடப்பட்டது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகுதான் நிலையாகத் திறபட்டது.

திரும்பி வந்த கட்டுப்பாடு

2020 இல் கொரோனாவோடு சேர்த்து டொலர்த் தட்டுப்பாடும் வந்து, இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. ரயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. உள்ளூரில் செய்யப்படும் சியெட், டி.எஸ்.ஐ. போன்ற பெயர்களையே சனம் அதிகம் நம்பவேண்டி வந்தது. சொந்தப் பாவனைக்கு வாகனம் இறக்க 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதித்தார்கள். இந்தியாவும் 2020 ஆனியில் வெளிநாட்டு ரயர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்றது. இந்தமுறை தெற்கிலுள்ளவர்களும் ரயருக்கு அலைந்தார்கள். தட்டுப்பாடு என்றால் என்னவென்று அவர்களுக்கும் கொஞ்சம் விளங்கியிருக்கும்.

இங்கேயுள்ள எங்களுக்கு இந்த வரலாறு சொல்லுகிற ஒரு சின்னப் பாடமும் உண்டு. பெயரைவிட அளவும் வயதும் முக்கியம். பழைய ரயர் மலிவாக வாங்கும்போது, பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிற கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 1419 என்றால் 2019 ஆம் ஆண்டின் 14 ஆவது கிழமை செய்தது. கட்டையின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. பனிக்கால ரயரில் மலையும் பனிப்பூவும் சேர்ந்த அடையாளம் இருக்கவேண்டும். 2024 ஒக்ரோபரிலிருந்து வெறும் எம்-எஸ் எழுத்து மட்டும் போதாது. தடை இல்லாத நாட்டில் தேய்ந்த ரயரோடு பிள்ளைகளை ஏற்றி ஓடத் தேவையில்லையே!

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜேர்மனியில் நீர்மூழ்கிக் கப்பலின் கதைக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. டிராபன்றுக்கு நூதனசாலை இருக்கிறது. எங்கட ஒட்டுக்கடைக்காரருக்கும், மண்ணெண்ணெயில் காரை ஓட்டிய சாரதிமாருக்கும், நூலால் ரயர் தைத்தவர்களுக்கும் என்ன இருக்கிறது? அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் பலர் காலமாகிவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் எங்கள் மத்தியில் அப்பாவாக, பெரியப்பாவாக, மாமாவாக இருக்கிறார்கள். புத்தாண்டுக்குக் கைவிசேஷம் வாங்கப் போகிற பிள்ளைகள் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு, தமிழிலோ ஜேர்மன் மொழியிலோ எழுதிவைக்கட்டும். எந்தப் பெரிய வரலாற்றுப் புத்தகத்திலும் இது வராது. நாங்கள் எழுதினால்தான் உண்டு.