ஒரே அப்பமும் இடிந்த சுவரும்

பாகூர் ஏரியின் நீர் பாயும் வயல்களில் நெல் விளைகிறது, கோதுமை விளைவதில்லை. ஆயினும் அவ்வயல்களில் நாற்று நட்டுக் கதிரறுக்கும் நம் மக்கள் ஞாயிறுதோறும் பீடத்தின்முன் நீட்டும் கைகளில் வைக்கப்படுவது கோதுமை அப்பமே. அயல்நிலத்துத் தானியத்தாலான அவ்வுணவுக்கு நம் முன்னோர் "நன்மை" என்று பெயரிட்டனர். முதல்முறை உட்கொள்வதைப் "புதுநன்மை" என்றனர். இத்தனை அழகிய பெயர் பெற்ற அந்த நன்மை, எல்லாருக்கும் ஒரே வகையில் வழங்கப்பட்டதா? புதுச்சேரி மறைத்தளத்தின் வரலாறு இக்கேள்வியை எளிதில் கடந்து செல்ல நம்மை விடுவதில்லை.

அப்பமும் இரசமும் தம் உள்ளியல்பில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது நம் விசுவாசம். 1551இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் இதனை ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்தது. அக்காலத்தில் ஐரோப்பாவில் எழுந்த கேள்வி, ஆண்டவர் அப்பத்தில் உண்மையாகவே இருக்கிறாரா என்பது. நம் நாட்டில் எழுந்த கேள்வியோ வேறு. அந்த ஆண்டவர் சேரிக்குள் செல்வாரா என்பதே அது.

1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராகிய தூர்னோன் புதுச்சேரியில் வந்திறங்கினார். மறுஆண்டு ஜூன் 23ஆம் நாளிட்டு அவர் விதித்த ஆணை, தமிழகத் திருச்சபையை நெடுங்காலம் கலங்கச் செய்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் நோயுற்றால், குருக்கள் அவர்களுடைய இல்லங்களுக்கே சென்று அருள்சாதனங்களை வழங்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். சேரிக்குள் நுழைந்த குருவை மேற்சாதியினர் ஏற்கமாட்டார்கள், மறைப்பணி முடங்கும் என அஞ்சிய மறைப்பணியாளர் தயங்கினர். அந்த அச்சத்தில் காரணம் இல்லாமல் இல்லை. எனினும், சாகும் ஏழையின் குடிசை வாசலில் நற்கருணை நாதர் நிறுத்தப்பட்டார் என்பதும் உண்மை.

1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் இவ்வழக்குக்கு முடிவு கண்டார். அம்மக்களுக்கெனத் தனிக் குருக்களை நியமிக்க இயேசு சபையார் முன்வந்ததை அவர் ஏற்றார். ஏழைகளுக்கு நன்மை கிடைக்க அது வழிசெய்தது. ஆனால் பந்தி ஒன்றாகவில்லை, பரிமாறுபவரும் இருவகையாயினர்.

கண்ணுக்குத் தெரிந்த சுவரும் ஒன்று இருந்தது. புதுச்சேரியில் இயேசு சபையாரின் சம்பாக் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற அச்சுவரைப் பற்றி, பின்னாளில் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை, தம் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளிடையே எழுதியுள்ளார். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் தந்த ஊக்கத்தால், அம்மக்கள் திரண்டு சென்று மூத்த குருவிடம் முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது; மேற்சாதிக் கிறிஸ்தவர் கொதித்தெழுந்தனர். இதனை நமக்கு எழுதி வைத்தவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதை எண்ணும்போது நாணம் மேலிடுகிறது.

கொரிந்து நகரில், செல்வர் முன்னதாக உண்டு களிக்க, ஏழையர் பசியோடு நின்றனர். பவுலடியார் அவர்களைக் கடிந்துகொண்டபோது, அப்பத்தைப் பற்றிய அவர்களது கோட்பாட்டை அவர் குறைகூறவில்லை. ஆண்டவரின் உடல் இன்னதென உணராமல் உண்பதையே குற்றமாகக் கண்டார். அப்பம் ஒன்றே ஆதலால், அதில் பங்குபெறும் பலரும் ஒரே உடலாகிறோம் என்பது அவர் போதனை. எனவே நற்கருணைப் பேழைமுன் முழந்தாட்படியிட்டு, அருகிலிருக்கும் சகோதரனைத் தள்ளி வைப்பவர், ஆண்டவருடைய உடலின் ஒரு பாதியை மட்டுமே வணங்குகிறார்.

சாதி வேற்றுமை பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 1982இல் திருச்சியில் அறிவித்தது. 2003இல் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை 2ஆம் ஜான் பால் இதனை வற்புறுத்தினார். 2016இல் ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றல்பெருக்கத்துக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஒரு நோய்க்கு மருந்து மீண்டும் மீண்டும் எழுதித் தரப்படுகிறதென்றால், நோய் இன்னும் நீங்கவில்லை என்பதுதானே பொருள்? வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தின் குளத்தில் எல்லாரும் ஒரே நீரைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். ஊருக்குத் திரும்பியதும் கல்லறையும் தேர்ப்பாதையும் எப்படி இரண்டாகின்றன?

சில ஆண்டுகளுக்குமுன், பாகூர்ப் பக்கத்துச் சேரியொன்றில் படுக்கையிலிருந்த மூதாட்டிக்கு நன்மை கொண்டுசென்றேன். வயலில் உழைத்து வெடித்த கைகள். தகரப் பெட்டியின்மேல் புதுச்சேலையை விரித்து, அதையே பீடமாக்கியிருந்தார். "சாமி, குனிஞ்சு வாங்க, வாசல் தாழ்வு" என்றார். குனிந்தேன். என் கையிலிருந்த ஆண்டவரும் என்னோடு குனிந்து உள்ளே வந்தார்.

முந்நூறு ஆண்டுகளுக்குமுன் ஓர் ஆணை கேட்டது இந்த ஒரு குனிவைத்தான். கோவிலுக்குள் நின்ற சுவரை 1745இல் இடித்துவிட்டார்கள். நெஞ்சுக்குள் நிற்பதை இடிக்கும் வேலை, "ஆமென்" என்று சொல்லிக் கை நீட்டும் நம் ஒவ்வொருவருக்கும் இந்த ஞாயிறும் காத்திருக்கிறது.