மந்திரவாதிக்கு எத்தனை மூக்கணாங்கயிறு? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 50 ஆண்டுப் பஞ்சாயத்து

1/ ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரோட முதல் எபிசோடில் நாலு பசங்க மேசையைச் சுத்தி உட்கார்ந்து பகடை உருட்டுவாங்களே, ஞாபகம் இருக்கா? வில் என்கிற பையன் தீக்கோள மந்திரம் போடுவான். அந்த விளையாட்டு பேரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். சர்க்கரை, பிரஷர் பதிவுகளுக்கு நடுவே இன்னைக்கு ஒரு மாறுதலுக்கு அதோட வரலாறு பேசுவோம்.

2/ தெரியாதவங்களுக்கு: ஒருத்தர் கதையை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருத்தர் வாள்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன். எல்லாரும் ஒரே அணி. செய்ய நினைக்கிறதைச் சொல்லணும். நடந்ததா இல்லையான்னு பகடை சொல்லும்.

3/ இதுல 1974-லிருந்து தீராத பஞ்சாயத்து ஒண்ணு இருக்கு. வாள்வீரன் ஒரு நேரத்தில் ஒரு எதிரியை வெட்டுவான். மந்திரவாதி ஒரே மந்திரத்தில் கூட்டத்தையே எரிப்பான், பறப்பான், பூட்டைத் திறப்பான், மனசை மாத்துவான். அப்போ வாள்வீரனா விளையாட வந்த நண்பர் நாலு மணி நேரம் என்ன செய்வார்? வேடிக்கை பார்ப்பார். ரெண்டு வாரம் வருவார். மூணாவது வாரம் "வேலை இருக்கு"ம்பார்.

4/ இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது? போர் விளையாட்டிலிருந்து. 1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் செயின்மெயில்னு ஒரு விதிப் புத்தகம் போட்டாங்க. சின்னச் சின்ன பொம்மை வீரர்களை வச்சு இடைக்காலப் போர் நடத்துற விளையாட்டு. பின்னிணைப்பா மாயாஜாலப் பகுதி. அதில் மந்திரவாதியோட தீக்கோளம் ஒரு பெரிய கவண்பொறிக்குச் சமம். மின்னல், பீரங்கிக்குச் சமம்.

5/ அங்கே இது ஒரு பிரச்சினையே இல்லை. ஏன்னா பீரங்கியும் காலாட்படையும் ஒரே ஆளோட படை. காலாள் பொம்மைக்கு "எனக்கு ஒண்ணும் வேலை இல்லையே"ன்னு வருத்தம் வராது.

6/ இதே நேரத்தில் மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் ஒரு படி மேலே போனார். ஆளுக்கு ஒரு படை வேண்டாம், ஆளுக்கு ஒரு பாத்திரம் போதும்னு ஆடினார். ரெண்டு பேர் யோசனையும் சேர்ந்து 1974-ல் விஸ்கான்சினின் லேக் ஜெனிவா ஊரிலிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. ஒரு பெட்டி, மூணு சின்னப் புத்தகம், முதல் அச்சு 1,000 பிரதி.

7/ கவனிங்க, இங்கேதான் எல்லாம் மாறுது. இப்போ பீரங்கியா ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கார். பக்கத்து நாற்காலியில் காலாளா இன்னொரு மனுஷன் உட்கார்ந்திருக்கார்.

8/ கைகாக்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. ஜாக் வான்ஸ் எழுதி 1950-ல் வெளியான கற்பனைக் கதைகளிலிருந்து ஒரு யோசனையை எடுத்தார்: மந்திரத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்யணும். ஒரு தடவை சொன்னதும் அது நினைவிலிருந்து அழிஞ்சிடும். திரும்ப வேணும்னா ஓய்வெடுத்து, புத்தகத்தைத் திறந்து மறுபடி படிக்கணும்.

9/ 1978-ல் வந்த விதிப் புத்தகத்தில் கயிறுகள் இன்னும் இறுகின. உயிர்ப்புள்ளிக்கு வீரன் 10 பக்கப் பகடை உருட்டுவான், மந்திரவாதி 4 பக்கம். கவசம் கிடையாது. ஆயுதம்னா குத்துவாள், தடி மாதிரி சிலதுதான். முதல் நிலையில் நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். சொல்லி முடிக்கும் முன்னாடி அடி விழுந்தா அதுவும் வீண்.

10/ இன்னும் இருக்கு. இரண்டாம் நிலைக்குப் போகத் திருடனுக்கு 1,251 அனுபவப் புள்ளி போதும். வீரனுக்கு 2,001. மந்திரவாதிக்கு 2,501. வீரன் அனுபவம் ஏற ஏற மந்திரத்தைத் தாங்கி நிற்கும் வாய்ப்பும் ஏறும். மந்திரம் போடுறவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அந்த எண் மாறாது. 9-ம் நிலை வந்தா வீரன் கோட்டை கட்டலாம், படைவீரர்கள் அவனைத் தேடி வந்து சேருவாங்க. அதாவது அவன் வெறும் வாள் இல்லை, ஒரு சிற்றரசன்.

11/ இது நியாயமான முறையா? முழுசா இல்லை. ஆரம்பத்தில் மந்திரவாதி ஒரு மந்திரத்தோட முடங்கிக் கிடப்பான், பல பேர் சீக்கிரமே செத்தும் போவாங்க. பிழைச்சு வந்தவன் கடைசியில் எல்லாரையும் தாண்டிடுவான். இன்னைக்கு நீ சும்மா இரு, நாளைக்கு அவன் சும்மா இருக்கட்டும் என்கிற கணக்கு. ஆனாலும் கணக்குன்னு ஒண்ணு இருந்தது.

12/ 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் இந்த விளையாட்டை வாங்கியது. 2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. குழப்பமான விதிகளைச் சீராக்கிய அருமையான வேலை அது, மறுக்கவே முடியாது. ஆனா சீராக்கும்போது கயிறுகளும் ஒவ்வொண்ணா அவிழ்ந்தன.

13/ எல்லாருக்கும் ஒரே அனுபவப் பட்டியல். அடி வாங்கினாலும் ஒரு பகடை ஜெயிச்சா மந்திரம் காப்பாத்தப்படும். மந்திரச் சுருளை முதல் நிலையிலேயே எழுதி வச்சுக்கலாம். அப்போ "நாளைக்கு இத்தனைதான்" என்ற வரம்பு ஒழுக ஆரம்பிச்சது. பூட்டுத் திறக்கும் சுருள் ரெண்டு பையில் இருந்தா திருடன் எதுக்கு? மந்திரவாதியின் அறிவு ஏறினா அவன் மந்திரத்தைத் தாங்குறதும் கடினமாச்சு. வீரனுக்கோ மனவலிமை எண் பலவீனம். கோட்டை போச்சு, படையும் போச்சு.

14/ ஒரு டாக்டரா எனக்கு இது எப்படித் தெரியுதுன்னா: வீரியமான மருந்துச் சீட்டில் அளவு, இடைவெளி, எச்சரிக்கைன்னு நாலு வரி இருக்கும். படிக்க எரிச்சலா இருக்குன்னு அந்த நாலு வரியைக் கிழிச்சுப் போட்டா மருந்தோட வீரியம் குறையாது. மருந்து மட்டும் தனியா நிக்கும்.

15/ வேடிக்கை என்னன்னா, மூன்றாம் பதிப்பின் முக்கிய வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜோனதன் ட்வீட், 1987-லேயே மார்க் ரைன்ஹேகனோட சேர்ந்து ஆர்ஸ் மேஜிகான்னு இன்னொரு விளையாட்டு செய்தவர். அதோட அணுகுமுறையே வேற. மந்திரவாதிதான் பெரியவன், சமம்னு நடிக்க வேண்டாம். ஆனா ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு மந்திரவாதி, ஒரு துணைவன். காவலாட்கள் எல்லாருக்கும் பொது. இந்த வாரம் நீ மந்திரவாதி, அடுத்த வாரம் நான். பாத்திரங்கள் சமம் இல்லை, ஆடுறவங்க சமம்.

16/ 2008-ல் நான்காம் பதிப்பு நேர் எதிர்ப்பக்கம் போனது. வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அமைப்பு: எப்பவும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒரு முறை, நாளைக்கு ஒரு முறை. வீரனுக்கு அணியைக் காக்குற தெளிவான வேலையும் கிடைச்சது. சமநிலைன்னு பார்த்தா மிகச் சிறந்த பதிப்புகளில் ஒண்ணு. ஆனா "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க, மந்திரம் மந்திரமாவே இல்லை"ன்னு பலர் விலகினாங்க. பழைய விதிகளை அடிப்படையா வச்சு பைசோ நிறுவனம் 2009-ல் கொண்டுவந்த பாத்ஃபைண்டர் பக்கம் ஒரு கூட்டமே போனது.

17/ 2014-ல் ஐந்தாம் பதிப்பு. பழைய கயிறு ஒண்ணு புது வடிவத்தில் திரும்பி வந்தது: கவனக்குவிப்பு. நீடிக்கிற பெரிய மந்திரம் ஒரு நேரத்தில் ஒண்ணுதான். அடி விழுந்தா அது கலையலாம். 1978-ன் அதே யோசனை, கொஞ்சம் மென்மையா.

18/ ஆனா இதில் ஒரு மறைமுக நிபந்தனை உண்டு. ஒரு நாளில் 6 முதல் 8 மோதல் வரும் என்பது அந்தப் பதிப்பின் கணக்கு. 24 மணி நேர டூட்டி பார்க்கிற பயிற்சி மருத்துவருக்கு இது உடனே புரியும். அடுத்து என்ன கேஸ் வரும்னு தெரியாததால சக்தியைச் சேமிச்சு வைப்பார். ஒரே ஒரு கேஸ்தான்னு தெரிஞ்சா மொத்தத்தையும் அங்கேயே கொட்டுவார். நாளைக்கு ஒரே ஒரு சண்டை வைக்கிற மேசையில் மந்திரவாதியும் அதையேதான் செய்வார். வீரன் மறுபடி வேடிக்கை பார்ப்பார்.

19/ 2024 திருத்தப் பதிப்பில் வீரர்களுக்கு ஆயுதத் தேர்ச்சின்னு புது வசதி கொடுத்திருக்காங்க. தள்ளிவிடலாம், கீழே விழ வைக்கலாம். நல்ல விஷயம். பஞ்சாயத்து தீர்ந்ததா? இல்லை.

20/ ஏன் தீரலைன்னா, யாரோட அடி பெருசு என்பது இங்கே ரெண்டாவது கேள்விதான். மேசையில் உட்கார்ந்த ஒவ்வொருத்தரும் இல்லாம கதை நகராத ஒரு கட்டம் வருதா என்பதுதான் முதல் கேள்வி. 1978 விதிகள் கரடுமுரடா இருந்தாலும் அதுக்கு வழி வச்சிருந்தன. அந்த விதிகளில் பலதை நாம தொல்லைன்னு நினைச்சுக் கழட்டிட்டோம்.

21/ நீங்க ஆட்டம் நடத்துறவரா? மூணே மூணு செய்யுங்க. ஒரு நாளில் ஒரு சண்டையோட நிறுத்தாதீங்க. மந்திரத்துக்கு எழுதியிருக்கிற வரம்பை "பரவாயில்லை, விடு"ன்னு தளர்த்தாதீங்க. வீரனுக்கு ஊர், ஆட்கள், பேர்னு கதையில் கனம் கொடுங்க. கோட்டை வாசலில் காவலன் முதலில் வணங்குறது அவனையா இருக்கட்டும்.

22/ ஆட்டம் முடிஞ்சதும் வாள்வீரனா ஆடின நண்பர்கிட்ட "இன்னைக்கு உனக்கு எந்த இடம் பிடிச்சது?"ன்னு கேளுங்க. அவர் சொந்தமா செஞ்ச ஒண்ணைச் சொன்னா உங்க மேசை ஆரோக்கியமா இருக்கு. "அவன் எரிச்சானே, அது செம"ன்னு சொன்னா அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணுங்க. உங்க மேசையில் எப்படின்னு கமெண்டில் சொல்லுங்க.