வலையமைப்பு அடுக்குகள்

கணினிகள் தரவைப் பரிமாறும் வேலையைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் படிநிலைகள். பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பு 1984இல் வெளியிட்ட ஓஎஸ்ஐ மாதிரியில் அடுக்குகள் 7. டிசிபி/ஐபி மாதிரியில் 4. பாடநூல்கள் முன்னதைக் கொண்டாடினாலும் இணையம் ஓடுவது பின்னதில்தான்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சேரும் கொல்லிமலையில் இந்த அடுக்குகளின் வேலையைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஒளியிழையோ நுண்ணலையோ, பிட்டுகளை மலைமேல் சேர்ப்பது பருநிலை அடுக்கின் பாடு. தமிழக ஊராட்சிகளுக்கு ஒளியிழை இழுக்கும் பாரத்நெட் திட்டத்தின் பெரும் உழைப்பும் இங்கேதான். தரவு இணைப்பு அடுக்கு ஒவ்வொரு தாவலிலும் பிழை பார்க்கிறது. வலையமைப்பு அடுக்கு ஐபி முகவரியைக் கொண்டு வழி தேர்கிறது.

சுவையானது போக்குவரத்து அடுக்கு. அடைமழையில் அலை தடுமாறித் தரவுப் பொட்டலம் தொலைந்தால், ஒப்புகை வராததை வைத்தே டிசிபி அதை உணர்ந்து மீண்டும் அனுப்பும். வேகத்தையும் தானே தணித்துக்கொள்ளும். மலைமேல் செம்மேட்டில் மிளகு விலை பார்ப்பவருக்குப் பக்கம் தாமதமாகலாம், எண் பிசகாது. ஓஎஸ்ஐ மாதிரியின் அமர்வு, உருவமைப்பு அடுக்குகளின் வேலைகளை டிசிபி/ஐபி தனியே பிரிக்காமல் பயன்பாட்டு அடுக்குக்குள் அடக்கிவிட்டது.