மெர்மெய்ட் விடுதி
மெர்மெய்ட் விடுதி (பொருள்: கடற்கன்னி விடுதி) இங்கிலாந்தின் கிழக்கு சசெக்சு பகுதியில், ரை என்னும் பழமையான துறைமுக நகரில் அமைந்துள்ள தங்கும் விடுதி ஆகும்.

வரலாறு

இதன் நிலவறைகள் 1156 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை எனக் கூறப்படுகிறது. 1377 இல் பிரெஞ்சுப் படையினர் ரை நகரைத் தீக்கிரையாக்கினர். விடுதி 1420 இல் மீளக் கட்டப்பட்டது. 1730கள், 1740களில் ஹாக்கர்ஸ்ட் கும்பல் எனப்பட்ட கடத்தல்காரர்கள் இங்கு கூடினர்.

அமைவிடம்

நடுக்காலத்தில் கப்பல்கள் நகரின் அடிவாரம் வரை வந்தன. பின்னர் வண்டல் படிந்து கடல் விலகியது. இன்று கடற்கரை சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விடுதியைத் தொடர்வண்டி மூலமும் சாலை வழியாகவும் அடையலாம்.

செல்லும் வழி

- தொடர்வண்டி: லண்டன் செயின்ட் பங்க்ராஸ் நிலையத்திலிருந்து அதிவேகத் தொடர்வண்டி சுமார் 40 நிமிடங்களில் ஆஷ்ஃபோர்ட் இன்டர்நேஷனல் நிலையத்தை அடைகிறது. அங்கு வண்டி மாறி, மார்ஷ்லிங்க் தடத்தில் ஹேஸ்டிங்ஸ் திசையில் செல்லும் வண்டியில் ஏறி ரை நிலையத்தில் இறங்க வேண்டும். இத்தடம் 1851 இல் திறக்கப்பட்டது. இது மின்மயமாக்கப்படாததால் டீசல் வண்டிகளே இயங்குகின்றன.
- சாலை: ஏ259 நெடுஞ்சாலை நகரின் வழியே செல்கிறது.
- நடை: நிலையத்திலிருந்து விடுதி சுமார் 10 நிமிட நடைத் தொலைவில் உள்ளது. மெர்மெய்ட் தெரு செங்குத்தானது. உருண்டைக் கற்கள் பாவப்பட்டது. இதனால் சக்கரப் பெட்டிகளை இழுத்துச் செல்வது கடினம்.