வகுப்பில் சொன்ன ஒரு தவறு



ஓய்வுக்குப் பிறகு நான் தீட்டிய முதல் எண்ணெய் ஓவியம் வெடிப்பு விட்டுவிட்டது. காரணம் தேடிப் படித்தபோது என் பழைய தவறொன்றும் அகப்பட்டது.

"எண்ணெய் ஓவியத்தைக் கண்டுபிடித்தவர் வான் ஐக்" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது 1550-இல் இத்தாலியர் வசாரி எழுதிய நூலால் பரவிய கதை. ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் 7-ஆம் நூற்றாண்டிலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள் என்று 2008-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

15-ஆம் நூற்றாண்டின் வான் ஐக்குக்கு உரிய பெருமை வேறு. மெல்லிய எண்ணெய் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, படத்துக்குள் ஒளியை வரவழைத்தவர் அவர்.

ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. அதனால் அடி அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருக்க வேண்டும். நான் மாற்றிப் பூசியிருந்தேன்.

படத்தைத் திரும்பத் தீட்டுகிறேன். பாடத்தை நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லுங்கள்.